நசீபைத் தள்ளுதல்

காற்றுக் காலம் முழுக்க றிஸ்மின் வீட்டுக்குக் கொண்டுவந்தது மீன் அல்ல, இங்கிலீஷ்.

மே மாதம் தென்மேல் காற்று எழும்பினால் கற்பிட்டிக்கு வெளியே பெருங்கடல் கலங்கிவிடும். கடலடிக்கு மூழ்கிப்போய் வேலை செய்கிற சுழியோடிகளுக்கு அதில் வேலை இல்லை. கீழே போனால் தன் கையே தனக்குத் தெரியாது. அந்த மாதங்களில் கண்டக்குளிப் பொடியன்கள் பாதிப் பேர், நிலத்துக்குள் ஆழமில்லாமல் கிடக்கிற களப்புப் பக்கம் போய்விடுவார்கள். பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அதன் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகையில் நின்று தண்ணீருக்கு மேல் பறக்கிற வெள்ளைக்காரர்களுக்காக, நாட்டில் சண்டை முடிந்த பிறகு அங்கே முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்திருந்தன. பட்டம் பிடித்துக் கொடுக்கவும் தூரத்தில் விழுந்தவர்களை வள்ளத்தில் போய் ஏற்றிவரவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. றிஸ்மின் அந்த வேலைக்குப் போனான். பின்னேரம் வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே, குசினியில் நிற்கிற மனைவிக்குக் கேட்கும்படி கத்துவான்.

“ஷிம்லா, ‘பீஸ் ஒஃப் கேக்’ எண்டா என்ன?”

“லேசான வேலை எண்டு அர்த்தம். ஏன்?”

“அட அல்லாவே! அவன் அப்பிடிச் சொல்ல, நான் ‘எங்க கேக்’ எண்டு கேட்டுட்டன். முழுக் கேம்பும் சிரிச்சிட்டு.”

வெட்கப்படுகிற ஆள் இல்லை அவன். அடுத்த நாளே, முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவிடம் போய், “உம்மா, இதெல்லாம் பீஸ் ஒஃப் கேக்” என்றான். நஃபீஸா உம்மா தலையைத் தூக்காமலே, “மொதல்ல தேங்காயைத் திருவித் தா, பொறகு வெள்ளக்காரனாகு” என்றாள்.

ஷிம்லாவுக்கு இங்கிலீஷ் வந்த வழி வேறு. மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, உம்மாவின் மடியில் கிடந்து தோணியில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவள். வளர்ந்தது தில்லையடியில், தென்னங்கிடுகு வேய்ந்த அகதிக் கொட்டிலில். அவளுடைய வாப்பா பழைய பேப்பர் கட்டி விற்றார். கொழும்பு ஹோட்டல்களிலிருந்து மூட்டையாக வரும் இங்கிலீஷ் சஞ்சிகைகள், வடைக் கடைக்குப் போகுமுன் ஒரு நாள் அந்தக் கொட்டிலில் தங்கும். கிழிபடுமுன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வாசிக்கப் பழகியவள் அவள். பாதிக் கதைகளின் முடிவு அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் அந்த வாசிப்புத்தான் அவளைப் பரீட்சையில் தூக்கிவிட்டது. கற்பிட்டிப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஹோட்டல் வேலைக்கும் கட்டாருக்கும் போகக் காத்திருந்த பொடியன்களுக்கும் பெட்டையளுக்கும் இங்கிலீஷ் பேசப் பழக்குகிற மிஸ் ஆக்கியது.

மிஸ்ஸைக் கட்டியவன் என்று றிஸ்மினைக் கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். அவனோடு சேர்ந்து சுழியோடுகிற முஆஸ் ஒருநாள் கேட்டான்: “மச்சான், உனக்கு ஏச்சும் இங்கிலீசிலதானா?”

“ஓம்டா. விளங்காது, அதால நோகாது.”

கலியாணம் முடிந்து மூன்று வருஷம். பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் அவசரப்படவில்லை; ஊர்தான் அவசரப்பட்டது.

காற்று விழுந்து கடல் தெளிந்துவிட்டால் அவன் வேறு ஆள். பஸ்தியானின் வள்ளத்தில் விடிய முன்னமே போய்விடுவான். பஸ்தியான் தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஐம்பது வயதிருக்கும், கடலில் எங்கே கல் இருக்கிறது, எங்கே மணல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வள்ளத்தை நிறுத்துகிற இடத்தில் றிஸ்மினும் முஆஸும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பதினைந்து பாக ஆழம், தொண்ணூறு அடி. அடியில், வெளிநாட்டுக்கு விலைபோகிற கடலட்டை பொறுக்கிப் பை நிரம்பினால் மேலே வருவார்கள். சிலிண்டரை மாற்றிக்கொண்டு திரும்ப இறங்குவார்கள். அட்டை கிடைக்கிற இடம் என்றால் மூன்று தரம், நாலு தரம். இத்தனை தரம்தான் என்று யாரும் வரையறுத்ததில்லை.

ஷிம்லா இதையெல்லாம் அறிந்துதான் அவனைக் கட்டினாள். அறியாத ஒன்று இருந்தது. அது அவளுக்குத் தெரியவந்தது ஒரு அர்த்தம் கேட்டதால்.

அன்றைக்கும் சைக்கிளை நிறுத்திக்கொண்டே கத்தினான். “ஷிம்லா, ‘டோன்ட் புஷ் யுவர் லக்’ எண்டா என்ன?”

அவள் அகப்பையோடு வெளியே வந்தாள். “ஆரு சொன்ன?”

“பட்டம் பழக்குற ஒல்லாந்துக்காரன்தான்.”

“ஆருக்குச் சொன்ன?”

“எனக்குத்தான். நெஞ்சில விரலை வெச்சி, ஒவ்வொரு சொல்லா.”

“என்னத்துக்குச் சொன்ன?”

“அர்த்தம் கேட்டா அர்த்தத்தச் சொல்லு புள்ள. பொலிஸ் மாதிரிக் கேள்வி கேக்கிறாய்.”

“என்னத்துக்குச் சொன்னான் எண்டு தெரிஞ்சாத்தான் அர்த்தம் சொல்லலாம். கோவத்திலயும் சொல்லுவாங்க, அன்பிலயும் சொல்லுவாங்க.”

றிஸ்மின் தலையைச் சொறிந்தான். பிறகு, ஏதோ பகிடி சொல்லுகிறவன் மாதிரிச் சொன்னான். போன பருவத்தில் ஒருநாள் தோள் பிசகிவிட்டது என்று சொல்லி வந்து இரண்டு நாள் படுத்திருந்தானே, அது பிசகு இல்லை. மூன்றாம் சிலிண்டர் முடித்து மேலே வந்தவனுக்குத் தோளில் இருந்து விரல் வரைக்கும் விறைத்துவிட்டது. ஒரு கால் தன் பேச்சைக் கேட்கவில்லை. வாதம் அடித்துவிட்டது என்று சுழியோடிகள் சொல்லுவது அதைத்தான்.

அப்படி அடித்தால் இங்கே என்ன செய்வார்கள் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டார்கள். விறைத்த ஆளுக்குத் திரும்பவும் ஒரு சிலிண்டரைக் கட்டி, கூட ஒருவனை விட்டு, அவன் வந்த ஆழத்துக்கே இறக்கிவிடுவார்கள். கீழே போகப் போக விறைப்பும் நோவும் விட்டுவிடும். அங்கே வைத்திருந்து, கொஞ்சங் கொஞ்சமாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவருவார்கள். றிஸ்மினை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். மேலே வந்தவன் தானே வள்ளத்தில் ஏறினான். கரையில் தானே இறங்கினான். சைக்கிளும் ஓடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“இதை நடிச்சிக் காட்டினன் அவனுக்கு,” என்றான் றிஸ்மின். “சிரிப்பான் எண்டு பாத்தா, சிரிக்கல்ல. இதைச் சொன்னான்.”

ஷிம்லா வாசற்படியில் உட்கார்ந்தாள். சோறு குழைகிற மணம் வந்தது. அவள் எழும்பவில்லை.

“லக் எண்டா நசீபு. அதைத் தள்ளாத எண்டு சொல்லியிருக்கான்.”

“நசீபை எப்பிடித் தள்ளுற? அது என்ன, வள்ளமா?”

“ஒண்டும் நடக்காதவனுக்கு இதைச் சொல்ல மாட்டாங்க. ஒருக்காத் தப்பினவனுக்குத்தான் சொல்லுவாங்க. தப்பிட்டாய், அதுவே பெரிசு, இன்னொருக்காவும் தப்புவன் எண்டு நம்பி அதே இடத்துக்குப் போகாத. அதுதான் அர்த்தம்.”

அவன் சைக்கிளைச் சுவரில் சாத்தினான். “அப்ப வெள்ளக்காரன் நசீபையும் சிலிண்டர் மாதிரி நெனைக்கிறான். இழுக்க இழுக்கக் கொறையும் எண்டு.”

“ஓம். அப்பிடித்தான்.”

“எங்கட நசீபு அப்பிடி இல்ல. எழுதினது எழுதினதுதான். எழுதியிருந்தா, கட்டில்ல படுத்திருக்கிறவனுக்கும் வரும்.”

“எழுதியிருக்கிறத ஆரு வாசிச்ச? நீங்க வாசிச்சீங்களா?”

“எனக்கு எங்க வாசிக்கத் தெரியும்? அதுக்குத்தானே மிஸ் ஒண்டைக் கட்டியிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. உள்ளே போய்ச் சோற்றை இறக்கிவிட்டு வந்து, நின்றபடியே சொன்னாள்: “கடலுக்குப் போகாதீங்க எண்டு நான் சொல்லல்ல. சொன்னாலும் கேக்கப் போறதில்ல. ஒரு நாளைக்கி ரெண்டு சிலிண்டர். அதுக்கு மேல இல்ல. அதுக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லுங்க.”

“ரெண்டா? முஆஸ் என்னைப் பொம்புள எண்டு சொல்லுவான்.”

“சொல்லட்டும். அவனுக்கு வீட்டில கேக்கிறதுக்கு ஆளில்ல.”

றிஸ்மின் அவளுடைய தலையில் கையை வைத்தான். “ரெண்டு,” என்றான். அந்தக் கையில் களப்பு மணந்தது.

அந்தச் சொல் அவளுடைய மண்டைக்குள்ளேயே கிடந்தது. அடுத்த வகுப்பில் அதையே பலகையில் எழுதினாள். அர்த்தத்தைச் சொன்னாள். ஒருமுறை தப்பியவனுக்குச் சொல்லுவது என்றாள். அன்பான ஆளுக்குச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டும், மிரட்டும்போது நிமிர்ந்து சொல்லவேண்டும், சொல் ஒன்றுதான் என்று இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினாள். உதாரணம் கேட்டாள்.

நிஃப்லா எழும்பினாள். “ரெண்டு நாள் டியூசனுக்குப் போகாமக் கள்ளம் போட்டு மாட்டல்ல மிஸ். மூணாம் நாளும் போடுறது.”

“சரி. நீ போடாத. அடுத்தது?”

“எங்கட பெரியப்பா மூணாம் கலியாணம் கேக்கிறார் மிஸ்,” என்றான் ஸப்வான். “அது புஷ் யுவர் லக்கா?”

“அது லக் இல்லடா, கொழுப்பு,” என்றது பின் வரிசை வாங்கில் ஒரு குரல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஷிம்லாவும் சிரித்தாள். வந்த உதாரணம் எல்லாம் தன் நசீபைத் தானே தள்ளுகிறவனைப் பற்றியவை. வேறு விதமாகவும் ஒன்று சொல்லலாமே என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

சுழியோடுகிற பருவம் தொடங்கியது. றிஸ்மின் வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி “எத்தின?” என்பதாக இருந்தது. “ரெண்டு” என்பான். அவள் அவனுடைய முகத்தைப் பார்ப்பாள். அவனும் முகத்தைக் காட்டுவான். நம்பினாள். பாதி நாள் அது உண்மையாகவே இருந்தது.

ஜனவரியில் ஒருநாள், கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அவள் வகுப்பில் நின்றாள். ஹோட்டலில் அறை கேட்டு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பது பாடம். நிஃப்லா அறை கேட்கிற வெள்ளைக்காரி. ஸப்வான் மேசைக்குப் பின்னால் இல்லாத கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றான். ஷிம்லாவின் போன் அடித்தது.

“தங்கச்சி, பஸ்தியான் கதைக்கிறன்.” இன்ஜின் சத்தம் இல்லை. வள்ளம் நின்றிருந்தது. “றிஸ்மினுக்கு ரெண்டு காலும் வருதில்ல. மேல வந்து சிரிச்சிக் கதைச்சிக்கொண்டுதான் இருந்தவன். எழும்பப் போக விழுந்திட்டான். கிள்ளினாலும் தெரியல்ல எண்டுறான்.”

“எத்தின சிலிண்டர்?”

“கடல் நல்லாக் கிடந்தது தங்கச்சி,” என்றார் அவர்.

“எத்தின அண்ணன்?”

“நாலாவது. அட்டை கொட்டிக் கிடந்தது தங்கச்சி. நான் மறிச்சிருக்கோணும்.”

அவள் சுவரில் கையை ஊன்றினாள்.

“இப்ப கரைக்கு ஓடினா ஒண்டரை மணித்தியாலம்,” என்றார் பஸ்தியான். “பிறகு புத்தளம். அங்க இருந்து கொழும்பு. இல்லாட்டி, போன முறை மாதிரித் திரும்ப இறக்கலாம். முஆஸ் தன்ட சிலிண்டர்ல மிஞ்சின காத்தோட கூடப் போவான். ஆனா றிஸ்மினுக்குக் கட்ட ஒரு சிலிண்டர்தான் மிச்சம், அதுவும் முழுசா இல்ல.” கடலில் யாரிடமும் யோசனை கேட்டு அறியாத மனிதர் அவர். “எனக்கு ஒண்டும் ஓடுதில்ல. நீ படிச்ச பிள்ளை. நீ சொல்லு. நீ சொல்லுற மாதிரிச் செய்யிறன்.”

ஷிம்லாவின் கண்ணுக்குள் இரண்டு படம் வந்தது. ஒன்று, குன்றும் குழியுமான புத்தளம் றோட்டு. அதில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வண்டியில் அவன். மற்றது, வாசலில் சைக்கிளை நிறுத்துகிற அவன். இரண்டாவதை அவள் எத்தனையோ பின்னேரம் கண்ணால் கண்டிருக்கிறாள்.

“போன முறை சுகமாகிட்டுத்தானே?”

“ஓம். நடந்துதான் போனவன்.”

“அப்ப இறக்குங்க,” என்றாள்.

போனை வைத்த பிறகு, ஸப்வான் மெதுவாக, “மிஸ், வீட்ட போங்க” என்றான். அவள் வீட்டுக்குப் போகவில்லை. துறைக்குப் போனாள்.

தண்ணீருக்குள் நடந்ததைப் பிறகு முஆஸ் சொன்னான். கீழே போனதும் றிஸ்மின் கட்டை விரலைக் காட்டினான். விறைப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். முஆஸும் சந்தோஷப்பட்டான். ஆனால் கீழே வைத்திருக்கவும் ஆறுதலாக மேலே வரவும் அந்தச் சிலிண்டரில் காற்றுப் போதவில்லை. பாதி வழியில் றிஸ்மின், காற்று முடிந்துவிட்டது என்று கழுத்தைக் காட்டினான். அதற்குப் பிறகு நின்று நின்று வர இடமில்லை. இழுத்துக்கொண்டு ஒரேயடியாக மேலே வரவேண்டியதாகிவிட்டது.

வள்ளம் துறைக்கு வந்தபோது அவன் பலகையில் மல்லாந்து கிடந்தான். உதடு நீலம். கையும் இப்போது பிடி இல்லாமல் கிடந்தது. ஷிம்லாவைக் கண்டதும், “காலை நீட்டி விடு புள்ள. மடங்கிக் கிடக்குது, நோகுது” என்றான். அவனுடைய இரண்டு காலும் நேராகத்தான் நீட்டிக் கிடந்தன. அவள் குனிந்து, மடங்காத காலைப் பிடித்து நீட்டுவதுபோலச் செய்தாள்.

“இப்ப சரியா?”

“இல்ல. இன்னும் நீட்டு.”

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒக்சிஜன் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய இரும்புக் கூண்டுக்குள் படுக்கவைத்து, கடலடியில் இருப்பதுபோல அழுத்தம் கொடுத்தார்கள். அதைப் பல நாள் செய்தார்கள். ஷிம்லா கண்ணாடித் துவாரத்தால் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாளே டொக்டர் அவளைக் கூப்பிட்டார். பஸ்தியானும் முஆஸும் பக்கத்தில் நின்றார்கள். தமிழ் தெரியாத டொக்டர். இங்கிலீசில் கேட்டார்: இவரைத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கியது யாருடைய முடிவு?

“என்ன கேக்கிறார்?” என்றார் பஸ்தியான்.

ஷிம்லா டொக்டருக்கு இங்கிலீசிலேயே பதில் சொன்னாள். என்னுடையது என்றாள். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார். ஏசவில்லை. இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்றார். உடனே ஒக்சிஜனைக் கொடுத்துக் கரைக்குக் கொண்டுவருவதுதான் முறை என்றார்.

“அப்படிச் செய்திருந்தால் நடந்திருப்பாரா?” என்று கேட்டாள்.

“சொல்ல முடியாது,” என்றார் அவர்.

நடந்திருப்பார் என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். நடந்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருப்பாள். இரண்டும் இல்லாத பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு அர்த்தம் சொல்லியவள், அன்றைக்குப் பஸ்தியானுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கை இரண்டிலும் உணர்வு திரும்பியது. இடுப்புக்குக் கீழே திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஊர் முழுக்க வந்து பார்த்தது. “அல்லாஹ்ட நாட்டம்” என்றது. “நசீபு, என்ன செய்யிற” என்றது. நஃபீஸா உம்மாவும் அதையேதான் சொன்னாள், மகனுடைய தலைமாட்டில் யாசீன் ஓதிவிட்டு. ஷிம்லாவுக்கு அந்தப் பேச்சில் போய் ஒண்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் பலகையில் தானே எழுதிய சொல் அவளை விடவில்லை. ஒருவன் தன் நசீபைத் தள்ளுகிற கதைகளை மட்டும்தான் அன்றைக்கு அவள் வகுப்பில் கேட்டாள். பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தி, அவன் மேல் உள்ள ஆசையில், அவனுடைய நசீபைப் பிடித்துத் தள்ளிவிடலாம். அதற்கும் அந்தச் சொல்லைப் பாவிக்கலாம். அந்த உதாரணத்தை அவள் இனி யாருக்கும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

சில்லு வைத்த கதிரை ஒன்று கிடைத்தது. கண்டக்குளி மணலில் அது ஓடவில்லை. வாசல் வரைக்கும் வந்து புதைந்து நிற்கும். றிஸ்மின் அந்த வாசலில் இருந்து றோட்டைப் பார்ப்பான். காற்றுக் காலம் வந்தது. கூட்டாளிகள் களப்புக்குப் போனார்கள், வந்தார்கள். யாராவது புதிதாக ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கொண்டுவந்து அவன் காதில் போட்டாலும், அவன் குசினிப் பக்கம் திரும்பி அர்த்தம் கேட்கவில்லை. ஷிம்லா சில நாள் தானாகவே, “இண்டைக்கி வகுப்பில ஒண்டு படிப்பிச்சன், கேளுங்க” என்று தொடங்குவாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். முடிந்ததும், “ம்” என்பான்.

காற்று விழுந்தது. கடல் தெளிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் பார்த்துப் பஸ்தியான் இரண்டு பாரை மீனோடு வந்தார். றிஸ்மின் அதற்காகவே காத்திருந்தவன்போலக் கேட்டான்.

“அண்ணன், தண்ணிக்குள்ள காலு என்னத்துக்கு? கை இருக்குத்தானே. என்னைக் கொண்டுபோய் இறக்கி விடுங்க.”

பஸ்தியான் மீனைக் கீழே வைத்தார். “விசர்க் கதை கதைக்காத.”

“கீழ ஆரும் நடக்கிறதில்ல. எல்லாரும் மிதக்கிறதுதான். இஞ்சதான் நான் நொண்டி. அங்க இல்ல.”

“தங்கச்சி வாயால சொன்னா மட்டும்,” என்றார் பஸ்தியான், அவள் மறுப்பாள் என்ற நம்பிக்கையில்.

ஷிம்லா குசினி வாசலில் நின்றாள். “மாட்டன்,” என்றாள்.

றிஸ்மின் கதிரையைத் திருப்ப முயன்றான். சில்லு அசையவில்லை, கழுத்தை மட்டும் திருப்பினான். “அண்டைக்கிச் சொன்னாய்தானே. இறக்குங்க எண்டு.”

அவன் அந்த நாளைப் பற்றி இதுவரைக்கும் ஒரு சொல் சொன்னதில்லை.

“பஸ்தியான் அண்ணன் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். நான் படுத்துக்கொண்டு கேட்டன். நீ எங்க கரைக்குக் கொண்டு வாங்க எண்டு சொல்லிருவியோ எண்டு பயந்துபோய்க் கிடந்தன். சொல்லல்ல. எவ்வளவு சந்தோசம் தெரியுமா? என்ட ஆள் எண்டு நெனச்சன்.” அவனுடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். “அதே மாதிரி இன்னொருக்காச் சொல்லு, ஷிம்லா.”

நஃபீஸா உம்மா உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தாள்.

ஷிம்லா குசினி வாசலை விட்டு வெளியே வந்தாள். பிறகு பஸ்தியானைப் பார்த்துச் சொன்னாள்: “பெருங்கடலுக்கு இல்ல. களப்புக்கு. நெஞ்சளவு தண்ணிக்கு. சிலிண்டர் இல்ல, முகக் கண்ணாடி மட்டும். நானும் வாறன்.”

“பொம்புள வள்ளத்தில ஏறுறதா?” என்றாள் நஃபீஸா உம்மா.

“ஓம் மாமி,” என்றாள் ஷிம்லா. “ஏறத்தான் போறன்.”

அடுத்த நாள் காலையில் போனார்கள். பஸ்தியானும் முஆஸும் அவனைத் தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். களப்பு வெயிலில் பளபளத்தது. அடியில் பாசியும் மணலும் கண்ணாடி வைத்ததுபோலத் தெரிந்தன. றிஸ்மின் முகத்தில், ஒரு வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம். முகக் கண்ணாடியைத் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டான். “முஆஸ், நீ சும்மா நில்லு, பிடிக்காத” என்றான். இரண்டு கையாலும் வள்ளத்து விளிம்பைப் பிடித்துத் தானாகவே வழுக்கி இறங்கினான்.

மூச்சை இழுத்துத் தலையைக் கீழே கொடுத்தான். கை இரண்டும் தண்ணீரைப் பலமாக வெட்டின. தோள் போயிற்று, முதுகு போயிற்று. கால் போகவில்லை. மெலிந்துபோன இரண்டு காலும் பின்னால் மேலே மிதந்து, வெயிலில் உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு நின்றன. அவை அவனைத் திரும்ப மேலே இழுத்து, பக்கவாட்டில் புரட்டிப் போட்டன. இருமிக்கொண்டு மேலே வந்தான். திரும்பவும் போனான். திரும்பவும் கால் மேலே வந்தது. ஷிம்லா வள்ளத்து விளிம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சளவு தண்ணீரில், சின்னப் பிள்ளைகள் நண்டு பிடிக்கிற இடத்தில், பதினைந்து பாகத்தில் நின்று வேலை செய்தவன் மணலைத் தொட முடியாமல் உருண்டுகொண்டிருந்தான். முஆஸ் ஒரு கட்டத்தில் போய்க் காலைப் பிடித்து அமுக்கப் பார்த்தான். “விடுடா!” என்று கத்தினான் றிஸ்மின்.

கடைசியில் வள்ளத்து விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். கண்ணாடியைக் கழற்றினான். அதை முஆஸின் கையில் கொடுத்தான்.

“நீ வெச்சிக்கொள்,” என்றான். “தூக்குங்க.”

பஸ்தியான் வேறெங்கோ பார்த்துக்கொண்டே தூக்கினார்.

கடலுக்குப் போகாமல் அவன் வீட்டில் இருக்கவேண்டும் என்று எத்தனை தரம் அவள் துஆக் கேட்டிருப்பாள். இனி அவன் போகமாட்டான். திரும்பி வரும் வழி முழுக்க, தலையைத் தொங்கப்போட்டிருந்த அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு, அந்த முகத்து வெளிச்சத்தை ஒருதரம் திரும்பக் காண முடியுமென்றால் அவனை எந்தக் கடலுக்கும் அனுப்பலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து, கொல்லையில் அவனைக் கதிரையில் இருத்தி உப்பைக் கழுவினாள். உப்புத் தோலில் நின்றால் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தலைக்கு வார்த்தாள். தோளுக்கு வார்த்தாள். பிறகு கீழே குந்தி, காலுக்கு வார்த்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த பாசியை எடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் அவளுடைய கையிலேயே ஊசியாகக் குத்தியது. யோசிக்காமல் வாய் கேட்டுவிட்டது:

“குளிருதா?”

கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. தலையைத் தூக்க முடியவில்லை.

றிஸ்மின் தன் காலைப் பார்த்தான். பிறகு அவளுடைய தலையைப் பார்த்தான்.

“ஓம்,” என்றான். “கொஞ்சம் குளிருது.”

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். குசினிக்குப் போய் அடுப்பை மூட்டி, தண்ணீரைச் சூடாக்க வைத்தாள்.